கவர் ஆல்பம் கேட்க ஒரு நோட்டு

1999 பொங்கல் விடுமுறைக்கு பெங்களூரிலிருந்து வந்த பெரியம்மா மகன், இரண்டு கேசட் உள்ள ஒரு பெட்டியை என்னிடம் கொடுத்தார். "ஊருக்குக் கிளம்பும்போது வாங்கிக்கிறேன், நாடா சிக்காம பாத்துக்கோ" என்றார். அமெரிக்க ராக் குழுவான மெட்டாலிகாவின் 'கராஜ் இன்க்.' அதற்கு இரண்டு மாதம் முன்பு, 1998 நவம்பரில் வந்த ஆல்பம். மொத்தம் 27 பாட்டு, இரண்டே கால் மணி நேரம். மதுரை வீட்டில் அப்பாவின் டூ-இன்-ஒன்னில் நான்கு நாள் அதையே ஓடவிட்டேன். ஐந்தாம் நாள்தான் உள்அட்டையைப் பிரித்து முழுசாகப் படித்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் வேறு யார் யாரோ பெயர். மெட்டாலிகா எழுதிய பாட்டு அதில் ஒன்றுகூட இல்லை. இப்படிப் பிறர் பாட்டுகளை எடுத்துத் தங்கள் பாணியில் பாடிப் பதிவு செய்வதுதான் கவர் ஆல்பம்.

அண்ணன் கிளம்புவதற்குள் அந்தப் பெயர்களை என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்துக்கொண்டேன். டைமண்ட் ஹெட், பட்ஜி, மிஸ்ஃபிட்ஸ், கில்லிங் ஜோக், ஹோலோகாஸ்ட், டிஸ்சார்ஜ். அன்றைக்கு இவர்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. பட்டியலில் இருந்த எல்லாருடைய மூலப் பாட்டையும் தேடிக் கேட்டு முடிக்க ஒன்பது வருடம் ஆனது. கடைசியாக வந்தது டைமண்ட் ஹெட். 2008-ல் அதே அண்ணன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தார்.

இப்போது அந்தத் தேடலை ஒரே மாலையில் முடித்துவிடலாம். அதனாலேயே அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பிள்ளைகள், "ஒரிஜினலே கையில இருக்கே அக்கா, கவர் ஆல்பத்தை எதுக்குக் கேக்கணும்?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. கேட்க வேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் மற்ற ஆல்பத்தைக் கேட்பதுபோல ஓடவிட்டுக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். ஒரு ராக் குழு தான் எழுதிய பாட்டில் தன்னைப் பற்றிச் சொல்கிறது. கவர் ஆல்பத்தில் தான் யாரைக் கேட்டு வளர்ந்தோம், எப்படிக் கேட்டோம் என்பதைச் சொல்கிறது. அதைப் பிடிக்க கொஞ்சம் வேலை செய்ய வேண்டும்.

முதலில் நோட்டு

சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் பாட்டின் பெயர். இரண்டாவதில் எழுதியவர். மூன்றாவதில், இவர்கள் யாருடைய பதிவைக் கேட்டு இந்தப் பாட்டை எடுத்தார்கள் என்பது. பாட்டுக் கேட்கும் செயலிகள் பலவற்றில் பாட்டின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் எழுதியவர் பெயர் வரும். மூன்றாவது பத்திக்கு அது போதாது. ஆல்பத்தின் விக்கிப்பீடியா பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் மூலக் குழுவின் பெயரும் இருக்கும்.

அந்த மூன்றாவது பத்தி ஏன் என்று கேட்டால், 'விஸ்கி இன் த ஜார்' பாட்டைச் சொல்வேன். அது அயர்லாந்து நாட்டுப்புறப் பாட்டு, எழுதியவர் யாரென்று தெரியாது. 1967-ல் டப்ளினர்ஸ் என்ற அயர்லாந்து நாட்டுப்புறக் குழு அதைப் பாடிப் பதிவு செய்தது. 1972-ல் அயர்லாந்து ராக் குழுவான தின் லிஸி அதே பாட்டுக்கு ஒரு கிட்டார் வரியைச் சேர்த்து ராக் பாட்டாக்கியது. மெட்டாலிகா எடுத்தது தின் லிஸியின் பாட்டை. முதலில் வரும் அந்தக் கிட்டார் வரி நாட்டுப்புறத்தில் இருந்து வந்ததல்ல; தின் லிஸியின் கிட்டார்காரர் எரிக் பெல்லின் கையிலிருந்து வந்தது. உள்அட்டையிலும் 'பாரம்பரியப் பாட்டு' என்று போட்டு, அமைத்தவர்களாகத் தின் லிஸிக்காரர்கள் மூவரின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். இது தெரியாமல் டப்ளினர்ஸைக் கேட்டுவிட்டு, "மெட்டாலிகா எவ்வளவு மாற்றிவிட்டார்கள்" என்று ஆச்சரியப்பட்டால், பாராட்டு தப்பான வீட்டுக்குப் போய்ச் சேரும். 2000-ஆம் ஆண்டு அந்தப் பதிவுக்கு மெட்டாலிகா கிராமி இசை விருது வாங்கியது. அதில் பாதிப் பங்கு எரிக் பெல்லுக்கு என்று நான் மனதில் வைத்திருக்கிறேன்.

என் பாட்டி மார்கழி மாதம் வானொலியில் கச்சேரி கேட்பார். ஒரு கீர்த்தனை தொடங்கியதும் யார் இயற்றியது என்று கேட்கமாட்டார். அது அவருக்கு எப்படியும் தெரியும். "இது யார் பாடாந்தரம்?" என்றுதான் கேட்பார்; யார் பாடிய வழி என்று அர்த்தம். அந்தச் சொல்லைத்தான் மூன்றாவது பத்தியின் தலைப்பாக எழுதியிருக்கிறேன். நமக்கு இது புதிதே இல்லை. பிறர் இயற்றியதைப் பாடுவது நம் கச்சேரியில் குறைவாகப் பார்க்கப்படுவதும் இல்லை. ராக்கிலும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. 1963-ல் வந்த பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டில் 6 பிறருடையவை. குழு என்றால் சொந்தப் பாட்டுதான் எழுத வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறகு அவர்களாலேயே ஊன்றியது.

இரண்டாவது பத்தி பணம் போகும் இடம். அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாட்டு ஒருமுறை பதிவாகி வெளிவந்துவிட்டால், அதை மறுபடி பாடிப் பதிவு செய்ய எழுதியவரிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. பாட்டின் அடிப்படைக் குணத்தை மாற்றாமல், சட்டம் சொல்லும் தொகையைக் கொடுத்தால் போதும். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பாட்டுக்கு 9.1 சென்ட் என்பது 2006 முதல் 2022 வரை இருந்த விகிதம். 2023-ல் 12 சென்ட் ஆனது. சிறு தொகைதான். ஆனால் மெட்டாலிகா போன்ற குழு விற்கும் கணக்கோடு பெருக்கிப் பாருங்கள். டைமண்ட் ஹெட் பெரிய புகழ் பெறாத குழு. அவர்களின் நான்கு பாட்டு 'கராஜ் இன்க்.'கில் இருக்கின்றன. ஒரு கவர் ஆல்பம் யாருக்குச் சோறு போடுகிறது என்பதும் எனக்கு முக்கியம்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூலப் பாட்டைத் தேடும்போது, யாரோ பெயர் தெரியாதவர்கள் திரும்பப் பாடி, அட்டையில் மட்டும் பழைய குழுவின் பெயரைப் பெரிதாகப் போட்ட தொகுப்புகள் நிறைய வரும். கல்லூரிக் காலத்தில் ஒரு கடையில் அப்படி ஒரு சிடியை மூலம் என்று நம்பி வாங்கினேன். மூன்று மாதம் கேட்ட பிறகுதான் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் கவனித்தேன். பதிவான வருடத்தையும் எந்த ஆல்பத்தில் வந்தது என்பதையும் சரிபார்த்துவிட்டுக் கேளுங்கள்.

ஏன் பதிவு செய்தார்கள் என்று விசாரியுங்கள்

ஒரே பெயரில் கவர் ஆல்பம் என்றாலும், உள்ளே போகும் காரணங்கள் வேறு வேறு. காரணம் தெரிந்தால் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரியும்.

'கராஜ் இன்க்.'கையே எடுத்துக்கொள்கிறேன். சிடியில் அது இரண்டு தட்டு. இரண்டாவது தட்டில்தான் 1987-ல் வந்த ஐந்து தடக் குறுந்தொகுப்பு இருக்கிறது. 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பேருந்து கவிழ்ந்து, மெட்டாலிகாவில் பேஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் இறந்தார். வயது 24. அவர் இடத்துக்கு ஜேசன் நியூஸ்டெட் வந்தார். இந்தப் புதிய ஆளோடு சேர்ந்து அவர்கள் முதலில் பதிவு செய்து வெளியிட்டது இந்தக் குறுந்தொகுப்பு. சொந்தப் பாட்டு எதுவும் இல்லை. சிறு வயதில் விழுந்து விழுந்து கேட்டவை மட்டும். கடைக்காரர்கள் விலையை ஏற்றக்கூடாது என்று 5.98 டாலர் என்பதைத் தலைப்பிலேயே போட்டார்கள். கேளுங்கள்: பாட்டுகளுக்கு நடுவே பேச்சு, சிரிப்பு, பிசிறு. பதிவு கரடுமுரடாக இருக்கும். பர்ட்டன் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான்கு பேர் ஒரு அறையில் ஒன்றாக வாசிப்பது எப்படி என்று மறுபடி கற்றுக்கொள்கிறார்கள். அவர்களின் பெரிய ஆல்பங்கள் எதிலும் இந்த ஒலி எனக்குக் கிடைத்ததில்லை.

அதே தட்டில் 'ஆம் ஐ ஈவில்?' இருக்கிறது. 1980-ல் இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் ஊரைச் சேர்ந்த டைமண்ட் ஹெட், ஆல்பத்தின் பெயர்கூட அச்சிடாத வெள்ளை உறையில் தாங்களே வெளியிட்ட தட்டில் வந்த பாட்டு. அந்தக் குழுவைப் பார்ப்பதற்காகவே 1981-ல் கலிஃபோர்னியாவிலிருந்து விமானம் ஏறி இங்கிலாந்து போனான் ஒரு 17 வயதுப் பையன். அவர்களோடேயே தங்கியும் இருந்தான். திரும்பி வந்து அதே வருடம் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுடன் சேர்ந்து ஒரு குழு தொடங்கினான். அந்தப் பையன்தான் லார்ஸ் உல்ரிக். 1984-ல் மெட்டாலிகா இந்தப் பாட்டைப் பதிவு செய்தது. இதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது, அது எனக்கு ஒரு ரசிகன் எழுதிய கடிதம் மாதிரி இருக்கிறது.

இரண்டு பதிவும் ஏறக்குறைய எட்டு நிமிடம். இரண்டும் ஒரே மாதிரி தொடங்கும், போர்ப்படை நடப்பது போன்ற அந்தத் தாளத்தில். பிறகு குரலைக் கவனியுங்கள். டைமண்ட் ஹெட்டின் ஷான் ஹாரிஸ் வரிகளை இழுத்து, வளைத்து, கொஞ்சம் நெளிந்து பாடுவார். ஹெட்ஃபீல்டு அதே வரிகளை வெட்டி வெட்டிப் போடுவார். பிரையன் டாட்லரின் கிட்டாரில் காற்று போக இடம் இருக்கும். மெட்டாலிகாவின் கிட்டாரில் இடைவெளியே இருக்காது. அடுத்த பத்து வருடம் மெட்டாலிகா என்ன ஆகப்போகிறது என்பது அந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறது.

ரோலிங் ஸ்டோன்ஸின் 'புளூ அண்ட் லோன்சம்' வேறு காரணம். 2015 டிசம்பரில் புதுப் பாட்டுப் பதிவு செய்ய லண்டனில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனார்கள். கை பழகுவதற்காக, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான புளூஸில் ஒரு பழைய பாட்டை வாசித்தார்கள். அது நன்றாக வந்தது, அடுத்தடுத்து வாசித்தார்கள். மூன்றே நாளில் 12 பாட்டு. அதே ஸ்டூடியோவில் தன் வேலையாக வந்திருந்த எரிக் கிளாப்டன் இரண்டு பாட்டுக்குக் கிட்டார் வாசித்துக்கொடுத்தார். 2016 டிசம்பரில் ஆல்பம் வந்தது; பிறகு கிராமியும் வாங்கியது.

1961-ல் லண்டன் அருகே டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில், பின்னாளில் ஸ்டோன்ஸின் பாடகரான மிக் ஜாகரின் கையில் இருந்த சக் பெர்ரி, சிகாகோ புளூஸ்காரர் மடி வாட்டர்ஸ் இசைத்தட்டுகளைப் பார்த்துத்தான், பின்னாளில் அதன் கிட்டார்காரரான கீத் ரிச்சர்ட்ஸ் பேச்சுக் கொடுத்தார். குழுவின் பெயரே மடி வாட்டர்ஸ் பாட்டிலிருந்து எடுத்தது. 1964-ல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் பெரும்பாலும் பிறர் பாட்டுதான். அன்றைக்கு இருபதைத் தாண்டிய லண்டன் பையன்கள் சிகாகோ பெரியவர்கள் மாதிரி பாடிப் பார்த்தார்கள். ஐம்பது வருடம் கழித்து அந்தப் பெரியவர்கள் அன்று இருந்த வயதைத் தாண்டிய பின் மறுபடி அதையே பாடுகிறார்கள். சிகாகோவின் மவுத் ஆர்கன் மேதை லிட்டில் வால்டர் பதிவு செய்த பாட்டு மட்டும் இதில் நான்கு. ஜாகரின் மவுத் ஆர்கனைக் கேளுங்கள். மேடையில் ஓடி ஆடும் ஜாகர் இதில் இல்லை. ஒரு வாத்தியத்தை ஐம்பது வருடத்துக்கு மேல் விடாமல் வைத்திருக்கும் மனிதர் இருக்கிறார். நான் ஸ்டோன்ஸ் ரசிகை இல்லை. இந்த ஆல்பம்தான் என்னை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மூன்றாவது வகை, பிரிந்துபோகும்போது வருவது. ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷினின் 'ரெனிகேட்ஸ்' 2000 டிசம்பரில் வந்தது. பாடகர் ஸாக் டி லா ரோச்சா அக்டோபரிலேயே குழுவை விட்டுப் போய்விட்டார். அதற்கு முன்பே பதிவாகியிருந்த இந்தப் பாட்டுகள் ஒரு பிரிவுக்குறிப்பு மாதிரி வெளிவந்தன. பட்டியலைப் பார்த்தாலே அந்தக் குழு எந்த இரண்டு ஊற்றிலிருந்து வந்தது என்று தெரியும்: ஒரு பக்கம் எரிக் பி அண்ட் ரக்கீம், சைப்ரஸ் ஹில், ஆஃப்ரிக்கா பம்பாட்டா, மறுபக்கம் எம்சி5, ஸ்டூஜஸ், மைனர் த்ரெட். ராப்பையும் கிட்டார் இரைச்சலையும் அவர்கள் ஏன் கலந்தார்கள் என்று கட்டுரை படித்துத் தெரிந்துகொள்வதைவிட இந்தப் பட்டியலைப் படிப்பது மேல்.

கடைசி வகை, தீர்ந்துபோன சரக்கை ஈடுகட்ட வருவது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. பட்டியலில் உள்ள எல்லாப் பாட்டும் எல்லாருக்கும் தெரிந்த பாட்டாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுவேன். காதலித்துக் கேட்டவர்கள் பட்டியலில் குறைந்தது இரண்டு பாட்டாவது நான் கேள்விப்படாததாக இருக்கும்.

கேட்கும் வரிசை

மூலம் தெரியாத பாட்டுகள் என்றால், முதலில் கவர் ஆல்பத்தை முழுக்க ஒரு தடவை கேளுங்கள். நடுவில் நிறுத்தி மூலத்தைத் தேடாதீர்கள். அவர்கள் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டை வைத்தார்கள் என்பதும் அவர்களின் பேச்சுதான். அன்று ஒரு பாட்டாவது உங்களைப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் அந்த ஒரு பாட்டின் மூலத்தை மட்டும் கேளுங்கள். இரண்டு தடவை. பிறகு கவருக்குத் திரும்புங்கள்.

இதில் ஒரு இடறல் இருக்கிறது. பழைய பதிவுகள் பொதுவாகச் சத்தம் குறைவாக இருக்கும். காதுக்குச் சத்தமானதுதான் முதலில் நன்றாகப் படும். 1956-ல் பதிவானதையும் 2016-ல் பதிவானதையும் ஒரே அளவில் வைத்துக் கேட்டால் புதியது எளிதில் ஜெயித்துவிடும். அதனால் பழையதற்குச் சத்தத்தைக் கையால் ஏற்றிக்கொள்ளுங்கள். கைப்பேசியின் ஸ்பீக்கரில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். சாதாரண வயர் இயர்ஃபோன் போதும். பழைய பாட்டில் பேஸ் எங்கே போகிறது என்று அதில் கேட்கும்.

கேட்கும்போது நான் கவனிப்பது மூன்று. தொடையில் தட்டிப் பார்த்தால் வேகம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா. மூலத்தில் இருந்த எந்த வாத்தியம் இப்போது இல்லை, அதன் வேலையை யார் செய்கிறார்கள். வரிகளில் எந்தச் சொல்லில் பாடகர் அழுத்துகிறார். இரண்டாவதுக்கு நல்ல பாடம் 'டர்ன் த பேஜ்'. பாப் சீகரின் 1973 பாட்டு. ஊர் ஊராகப் பேருந்தில் போய்ப் பாடும் ஒருவரின் அலுப்பு. அது ஆல்ட்டோ ரீடின் சாக்ஸஃபோனில் தொடங்கும், இரவு நெடுஞ்சாலையில் தூரத்தில் ஏதோ ஒன்று அழுவதுபோல. மெட்டாலிகாவில் சாக்ஸஃபோன் கிடையாது. அந்த வரியைக் கிட்டாரில் கொண்டுவந்தார்கள். மெட்டு அதே மெட்டுதான். ஆனால் சீகருடையதில் அலுப்பாக இருந்தது இவர்களிடம் கோபமாகிவிடுகிறது. எது பிடிக்கிறது என்பது அந்த வாரம் எனக்கு எப்படிப் போனது என்பதைப் பொறுத்து மாறும்.

காது பழக ஒரு பயிற்சி சொல்கிறேன். 'ஐ கான்ட் க்விட் யூ பேபி' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லி டிக்சன் எழுதியது. 1956-ல் சிகாகோவில் ஓட்டிஸ் ரஷ் பதிவு செய்தார். 1969-ல் லெட் செப்பலின் தன் முதல் ஆல்பத்தில் எடுத்தது. 2016-ல் ஸ்டோன்ஸ், கிளாப்டனோடு. மூன்றையும் வருட வரிசையில் ஒரே இருக்கையில் கேளுங்கள். கால் மணி நேரத்துக்குள் முடியும் வேலை. ரஷ்ஷின் குரல் முதல் சொல்லிலேயே உச்சத்தில் வந்து விழும். கூட வாசிப்பவர்கள் அந்தக் குரலுக்கு வழிவிட்டு நிற்பார்கள். லெட் செப்பலினில் பாட்டு நீண்டு, இடைவெளிகளை ஜிம்மி பேஜின் கிட்டார் நிரப்பும். பாடகருக்கும் கிட்டாருக்கும் யார் பெரியவர் என்று ஒரு வாக்குவாதமே நடக்கும். ஸ்டோன்ஸில் அந்த வாக்குவாதம் கிடையாது. எல்லாரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள். இதை ஒருமுறை செய்துவிட்டால், கவர் என்றால் நகல் என்ற எண்ணம் தானாகக் கழன்றுவிடும்.

எவ்வளவு தள்ளிப் போகலாம்

மூலத்துக்கு மிக அருகில் நின்றால் எதற்குப் பதிவு செய்தீர்கள் என்று கேட்கத் தோன்றும். வீஸர் குழுவின் நீலப்பச்சை அட்டை போட்ட கவர் ஆல்பம் 2019 ஜனவரியில் வந்தது. ஒரு ரசிகை ட்விட்டரில் விடாமல் கேட்டதால் டோட்டோவின் 'ஆஃப்ரிக்கா'வை அவர்கள் பதிவு செய்து, அது பெரிய வெற்றியாகி, அதன் பின்னால் வந்த ஆல்பம். அந்தப் பின்கதை எனக்குப் பிடிக்கும். ஆல்பத்தைப் பிடிக்கவில்லை. 'டேக் ஆன் மீ', 'பில்லி ஜீன்' எல்லாம் மூலத்தின் மேல் தாள் வைத்து வரைந்தது போல இருக்கின்றன. அவர்கள் எந்த இடத்தில் மனம் கரைந்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை.

மிகத் தள்ளிப் போவதிலும் ஆபத்து உண்டு. அ பெர்ஃபெக்ட் சர்க்கிள், 2004 அமெரிக்க அதிபர் தேர்தல் நேரத்தில் போர் எதிர்ப்புப் பாட்டுகளாகத் தொகுத்து ஒரு ஆல்பம் வெளியிட்டது. ஜான் லெனனின் 'இமாஜின்' அதில் சோகமான சுரவரிசைக்கு மாறியிருக்கும். வரிகள் நம்பிக்கையைச் சொல்ல, இசை அந்த நம்பிக்கை செத்துப்போனதைச் சொல்லும். யோசனை கூர்மையானது. ஆனால் அதே யோசனையைப் பாட்டுக்குப் பாட்டு போட்டால் மூன்றாவதிலேயே தெரிந்துவிடுகிறது. அந்த ஒரு பாட்டை மட்டும் தனியாகக் கேட்டால் மிக நன்றாக இருக்கும்.

நடுவில் சரியாக நின்றவர்கள் என்று நான் நினைப்பது ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின். 'த கோஸ்ட் ஆஃப் டாம் ஜோட்' 1995-ல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கிட்டாரும் மவுத் ஆர்கனும் வைத்துக் கிசுகிசுப்பாகப் பாடியது. வீடிழந்து சாலையோரம் கிடப்பவர்களின் பாட்டு. ரேஜ் அதை உரத்த கிட்டாரோடு கத்தலாக மாற்றியது. வரி மாறவில்லை, மனிதர்கள் மாறவில்லை. அவர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள், அவ்வளவுதான். இதன் தொடர்ச்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ரேஜின் கிட்டார்காரர் டாம் மொரெல்லோ பின்னாளில் ஸ்பிரிங்ஸ்டீனோடு மேடையேறி அதே பாட்டை வாசித்தார். 2014-ல் வந்த 'ஹை ஹோப்ஸ்' ஆல்பத்தில் இருவரும் சேர்ந்து அதைப் பதிவும் செய்தார்கள். கடனாக எடுத்துப்போன பாட்டு, எழுதியவர் வீட்டுக்கே வேறு உருவத்தில் திரும்பி வந்தது. அதே 'ரெனிகேட்ஸி'ல் டீவோவின் 'பியூட்டிஃபுல் வேர்ல்ட்' மட்டும் மெதுவாக, ஏறக்குறைய தனியாக நிற்கும். சத்தம் போடுவதற்கே பெயர் எடுத்த குழு அந்த ஒரு பாட்டுக்காகத் தணிந்தது. கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

எந்தப் பாட்டை யார் பாடலாம் என்ற கேள்வியும் வரும். ராப் குழுவான பப்ளிக் எனிமியின் '911 இஸ் அ ஜோக்' (911 அமெரிக்காவின் அவசர உதவி எண்) கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்கு ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வருவதில்லை என்ற கோபத்தில் பிறந்த பாட்டு. 1995-ல் 'தேங்க் யூ' என்ற கவர் ஆல்பத்தில் இங்கிலாந்து பாப் குழுவான டூரன் டூரன் அதைப் பாடினார்கள். அந்தத் தெருவும் அந்தக் காத்திருப்பும் அவர்கள் குரலில் எனக்குக் கேட்கவில்லை. அதே ஆல்பத்தில் லூ ரீடின் 'பெர்ஃபெக்ட் டே' நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கன்ஸ் அண்ட் ரோஸஸின் 1993 கவர் ஆல்பத்தில் நசரெத், மிஸ்ஃபிட்ஸ் பாட்டெல்லாம் உற்சாகமாகத்தான் இருக்கின்றன. ஆனால் கடைசியில், அட்டையில் பெயர் போடாமல், கொலைக் குற்றத்தில் சிறையிலிருந்த சார்லஸ் மேன்சன் எழுதிய பாட்டை ஒளித்து வைத்திருந்தார்கள். கவர் ஆல்பத்தில் நான் மதிக்கும் ஒரே ஒழுங்கு, யாருடையது என்று வெளிப்படையாகச் சொல்வது. அதனால் அந்த ஆல்பம் என் அலமாரியில் இல்லை.

எங்கே தொடங்கலாம்

முதலில் ரஷ் குழுவின் 'ஃபீட்பேக்', 2004. எட்டே பாட்டு, 27 நிமிடம். முப்பது வருடம் சேர்ந்து வாசித்த மூவர், சிறுவர்களாக இருந்தபோது வாசித்துப் பழகிய அறுபதுகளின் பாட்டுகளை எடுக்கிறார்கள். சிக்கலான தாளக்கட்டுக்குப் பெயர் போனவர்கள் இதில் நேராக, சந்தோஷமாக வாசிக்கிறார்கள். நோட்டுப் போட்டுப் பழகச் சரியான அளவு. அப்புறம் 'புளூ அண்ட் லோன்சம்'. அப்புறம் 'கராஜ் இன்க்.'கின் இரண்டாவது தட்டு; முதல் தட்டை ஒரு மாதம் கழித்துக் கேட்டுக்கொள்ளலாம். முதல் தட்டில் 'டியூஸ்டேஸ் கான்' பாட்டை மட்டும் முன்கூட்டியே கேட்டாலும் தப்பில்லை. அது லினர்ட் ஸ்கினர்டின் பாட்டு. அந்தக் குழுவின் கிட்டார்காரர் கேரி ராசிங்டனே வந்து கூட உட்கார்ந்து வாசித்திருக்கிறார்.

2011 அக்டோபர் 30 அன்று பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் மெட்டாலிகா வந்தபோது நானும் அண்ணனும் போயிருந்தோம். எங்களுக்கு முன்னால் மிஸ்ஃபிட்ஸின் மண்டையோடு போட்ட சட்டையோடு ஒருவர் நின்றார். சேலத்துக்காரர். பேச்சுக் கொடுத்தால், அவரும் அதே இரட்டைக் கேசட் வழியாகத்தான் மிஸ்ஃபிட்ஸிடம் போயிருக்கிறார். நிகழ்ச்சி தொடங்கும்வரை மூன்று பேரும் மெட்டாலிகாவைப் பற்றிப் பேசவே இல்லை. பட்ஜியைப் பற்றித்தான் பேசினோம்.

இத்தனைக்கும் பிறகு நேரம் இருந்தால் பிளாக் கீஸின் 'சுலஹோமா'வுக்கு வாருங்கள். 2006-ல் வந்த குறுந்தொகுப்பு. ஓஹையோவைச் சேர்ந்த இரண்டு பேர், மிசிசிப்பியின் குன்றுப் பகுதியைச் சேர்ந்த புளூஸ்காரர் ஜூனியர் கிம்பரோவின் ஆறு பாட்டை வாசிக்கிறார்கள். கிம்பரோ அங்கே சுலஹோமா என்ற ஊரில் பாட்டும் ஆட்டமும் நடக்கும் ஒரு சின்னக் கொட்டகை நடத்தி, அங்கேயே வாசித்துக்கொண்டிருந்தவர். ஐம்பது வயதைத் தாண்டிய பின்தான் வெளியுலகத்துக்குத் தெரிந்தார். 1998-ல் இறந்தார், 2000-ல் கொட்டகையும் எரிந்துபோனது. தொகுப்பின் ஏழாவது தடத்தில் பாட்டு இல்லை. கிம்பரோவின் மனைவி தொலைபேசியில் விட்டுச்சென்ற செய்தி இருக்கிறது. தன் கணவரின் பாட்டை இவர்கள் வாசித்ததைப் பற்றிப் பேசுகிறார். அதைக் கேட்டுவிட்டு, கிம்பரோவே பாடி 1992-ல் வந்த 'ஆல் நைட் லாங்' ஆல்பத்தில் 'மீட் மீ இன் த சிட்டி'யைப் போடுங்கள். சத்தத்தை இரண்டு படி ஏற்றிக்கொள்ளுங்கள்.